சின்ன டிவி கேட்ட அத்தான்

டிவி வாங்க வருகிறவர்கள் இரண்டே வகை. தன் வீட்டுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வருகிறவர்கள் ஒன்று. பக்கத்து வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வருகிறவர்கள் இன்னொன்று. எனக்குச் சோறு போடுவது இரண்டாவது வகைதான், அதனால் அவர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டேன். ஆனால் பதினாலு வருஷமாக இந்தக் கடையின் இரண்டாவது மாடியில் நின்று கால் தேய்ந்ததில், வீட்டில் இருப்பதைவிடச் சின்னதாக ஒரு டிவி கொடு என்று என்னிடம் வந்து கேட்ட ஆள் ஒருத்தர்தான். அவர் என் அக்கா புருஷன்.

வருஷக் கடைசி விடுமுறைக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தில் எங்கள் கடைக்குள் நுழைகிற யாருக்கும் புத்தி புத்தியாக இருக்காது. "எங்கப்பாவுக்கு என்னங்க வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்பார்கள். உங்கப்பாவை நான் எங்கே கண்டேன்? முப்பது வருஷம் கூடவே இருந்த உனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியுமா? வாய் வரைக்கும் வரும், விழுங்கிக்கொண்டு, "பெரிய ஸ்க்ரீனா எடுத்துக் குடுங்க சார், வயசானவங்களுக்குக் கண்ணுக்கு நல்லது" என்று சொல்வேன். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. இப்போது நினைத்தால் வாயைக் கழுவிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அத்தான் அன்றைக்கு வந்தது டிவிக்காக இல்லை. கீழ்த்தளத்தில் டிபன் பாக்ஸ் வாங்க வந்தார். அவர் ஒரு தையல் கம்பெனியின் வேன் ஓட்டுகிறவர். காலையில் பதினாலு பெண்களை வீட்டு முனையில் ஏற்றிக் கம்பெனியில் இறக்குவார், சாயங்காலம் அதே பதினாலு பேரைத் திரும்பக் கொண்டுபோய் விடுவார். இருபத்திரண்டு வருஷம். வண்டிதான் மூன்று மாறியது, ஆள் மாறவில்லை. வருஷக் கடைசியில் அந்தப் பெண்களுக்குத் தன் கையால் ஆளுக்கொரு சாமான் வாங்கிக் கொடுப்பது அவர் வழக்கம். அன்றும் பையில் பதின்மூன்று டிபன் பாக்ஸ் இருந்தது. தனியாக ஒரு பிளாஸ்க், நல்ல விலையுள்ளது.

"இது யாருக்கு அத்தான், தனி மரியாதை?" என்றேன்.

"முன் சீட்டுல உட்கார்றவங்களுக்கு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

சிரித்தார். அவ்வளவுதான் அவரிடமிருந்து வரும். அக்கா அவருக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன். கேட்டதற்கு மேல் அரை வார்த்தை பேசமாட்டார். ஆனால் ஏழு மணிச் செய்தி வாசிக்கிற பெண் கை கூப்பி "வணக்கம்" சொன்னால், இவரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து "வணக்கம்" சொல்வார். விளம்பரம் வந்தால் சேனலை மாற்ற விடமாட்டார். காசு போட்டு எடுத்திருக்கிறான், பாதியில் தள்ளினால் மரியாதை இல்லையாம். ரிமோட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருப்பார். அவர் மடியிலிருந்து அதை எடுக்க அந்த வீட்டில் யாருக்கும் உரிமை கிடையாது. என் அக்கா மகள் வெளியூரில் படிக்கிறாள், லீவுக்கு வந்தால் அவளுக்கும் கிடையாது.

டிபன் பாக்ஸ் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் என் பிரிவைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் ஒரு இருபத்திநாலு அங்குலம் கிடந்தது. சமையலறைக்கும் ஹாஸ்டல் ரூமுக்கும் வாங்குகிற சைஸ். அதன் முன்னால் போய் நின்றார்.

"மாப்ளே, இது நம்ம வீட்டுக்குச் சரியா வருமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் இருப்பது முப்பத்திரண்டு. அதுவே பழசு. போதாததற்கு, இரண்டு நாள் முன்னால்தான் அக்கா இதே இடத்தில் நின்று, விடுமுறைக்கு அவருக்குத் தெரியாமல் ஐம்பத்தைந்து அங்குலம் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "அந்த மனுஷன் ஒரு சட்டைகூடத் தனக்குன்னு வாங்குனதில்லடா. இந்தத் தடவை நான் வாங்கித் தரேன்" என்று கண் கலங்கச் சொன்னாள். அதனால் அத்தான் கேட்டதும் நான் நினைத்தது, கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்பதுதான்.

"இதுல நீங்க செய்தி பாத்தா, அந்தப் பொண்ணு வணக்கம் சொல்றது உங்களுக்கா பக்கத்து வீட்டுக்கான்னே தெரியாது. பேசாம வீட்டுக்குப் போங்க அத்தான், எல்லாம் தானா வரும்."

அவர் இன்னொரு தடவை அந்தச் சின்ன டிவியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அதற்குள் எனக்கு வேறு ஒரு குடும்பம் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினவர், வழியில் நின்ற அட்டைப்பெட்டி அடுக்கில் தோள் இடித்து இரண்டைத் தள்ளிவிட்டார். "பாத்துப் போங்க அத்தான், அதை என் சம்பளத்துல பிடிச்சிருவாங்க" என்று கிண்டல் செய்தேன்.

பெரிய டிவி போய்ச் சேர்ந்தது. சுவரில் மாட்டும்போது நானும் இருந்தேன். அக்கா வாயெல்லாம் பல்லாக நின்றாள். அத்தான் "ஏம்மா இவ்வளவு பெரிசு" என்றார், பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். அதோடு என் வேலை முடிந்தது என்று வந்துவிட்டேன்.

விடுமுறை முடிந்த மறுநாள்தான் எங்கள் கடைக்கு உண்மையான தலைவலி. வாங்கிய பரிசையெல்லாம் மாற்றித் தரச் சொல்லி வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசைக்கு நடுவில் அக்கா போன் பண்ணினாள்.

"டிவியைத் திருப்பி எடுத்துக்கோடா."

"என்னக்கா ஆச்சு?"

"பிடிக்கலையாம். சொல்லல, ஆனா பிடிக்கல. முதல் நாள் என் பக்கத்துல உட்கார்ந்து பாத்தாரு. ரெண்டாம் நாள் நாற்காலியைப் பின்னால போட்டாரு. நேத்து சமையலறைக்குள்ள போட்டுக்கிட்டு வாசல் வழியா பாக்குறாரு. நான் அடுப்படியில நிக்கிறேன், என் முதுகுக்குப் பின்னால உட்கார்ந்துக்கிட்டு செய்திக்கு வணக்கம் சொல்றாரு. என்னை என்ன நினைச்சுக்கிட்டிருக்காரு?" அழுதுகொண்டே பேசினாள். "நான் வாங்குனதுங்கறதுக்காகத்தானே?"

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரு மனுஷி ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தால் இப்படியா செய்வது? சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே அங்கே போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்றுதான் போனேன்.

அக்கா சொன்னது அப்படியே. ஹால் காலியாகக் கிடந்தது. அத்தான் சமையலறை வாசலுக்கு உள்ளே, பாத்திர அலமாரியை ஒட்டி நாற்காலி போட்டு மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபோது அவரே கேட்டார்.

"ஸ்கோர் என்ன மாப்ளே?"

ஸ்கோர் எதிரிலேயே இருந்தது. திரையின் இடது மேல் மூலையில், என் உள்ளங்கை அகலத்துக்கு. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். இவர் ஒரு வருஷமாகவே ஸ்கோர் கேட்கிறார். சோம்பேறி, அதைக்கூட அடுத்தவன் படித்துச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் கடைத் தரையில் ஒவ்வொரு கல்லும் சரியாக இரண்டடி. வீட்டில் எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள் என்று கேட்டு, அத்தனை கல் எண்ணி ஆளை நிறுத்தி, அங்கிருந்து பார்க்கச் சொல்வேன். அக்கா வீட்டிலும் அதே இரண்டடிக் கல்தான். பழக்க தோஷம், என் கண் தானாக எண்ணியது. புது டிவியிலிருந்து அவர் நாற்காலிக்கு எட்டரைக் கல். பழைய டிவி இருந்தபோது கடைசி ஒரு வருஷம் அவர் சுவரை ஒட்டி உட்கார்ந்த இடம் ஐந்து கல். அதற்கு முன்னால் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தபோது மூன்றரை.

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். ஐந்து கல்லில் முப்பத்திரண்டும் எட்டரைக் கல்லில் ஐம்பத்தைந்தும் கண்ணுக்கு ஒரே அளவு. மூன்றரைக் கல்லில் அதே அளவு வேண்டும் என்றால் இருபத்திநாலு வாங்க வேண்டும். மனுஷன் கஞ்சத்தனத்தில் கேட்கவில்லை. அக்காவின் பக்கத்தில் போய் உட்காரத்தான் அந்தச் சின்ன டிவியைக் கேட்டிருக்கிறார். படம் அதைவிடப் பெரிதாக இருந்தால் அதன் ஓரம் அவருக்குத் தெரியவில்லை.

நான் மெதுவாக நகர்ந்து அவருக்கு இடது பக்கம் போனேன். கையை அவர் காதுக்கு நேராக நீட்டி, விரலை ஆட்டினேன். அவர் திரும்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கையை முன்னால் கொண்டுவந்தேன். மூக்குக்கு ஒரு சாண் பக்கத்தில் வந்த பிறகுதான் திடுக்கிட்டார்.

"என்னடா செய்ற?"

"கொசு, அத்தான்."

எனக்கு டிவி மறந்துபோனது. அவர் வேனில் ஏறுகிற அந்தப் பதினாலு பெண்கள்தான் கண் முன்னால் வந்தார்கள்.

"அத்தான், கண்ணு எப்படி இருக்கு உங்களுக்கு?"

"கண்ணுக்கென்ன. புது டிவி கூசுது, அதான் தள்ளி உட்கார்றேன்." முகத்தைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

அப்போதே கையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். அக்கா அடுப்படியில் நின்றாள், அவள் எதிரில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருவேளை நான்தான் தப்பாகக் கணக்குப் போடுகிறேனோ என்றும் ஒரு சபலம். "நாளைக்குக் காலையில உங்க வண்டியில கூட வரேன், அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு" என்று புளுகினேன். அவர் ஒரு நிமிஷம் கழித்து, "வா" என்றார். அந்தக் காலையில் அவரை வண்டி எடுக்க விட்டது என் தப்பு. அதை யார் மேலும் நான் போடமாட்டேன்.

காலை ஆறரைக்கு வண்டியில் ஏறினேன். கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். பெண்கள் ஒவ்வொரு முனையிலும் ஏறினார்கள். எல்லார் கையிலும் புது டிபன் பாக்ஸ். அத்தானுக்கு இடது பக்கத்து முன் சீட்டில் ஒரு நடுத்தர வயதுப் பெண் ஏறினாள், கம்பெனியில் பட்டன் தைக்கிறவளாம், எல்லோரும் பட்டன் அக்கா என்றார்கள். புது பிளாஸ்க் அவள் மடியில் இருந்தது.

முதல் சந்திப்பு வந்தது. அத்தான் வேகத்தைக் குறைத்து, "அக்கா?" என்றார்.

"லெஃப்ட் ஓகே" என்றாள் பட்டன் அக்கா. வண்டி போனது. அடுத்த திருப்பம். "அக்கா?" "லெஃப்ட் ஓகே." சில இடங்களில் பின்னால் இருந்த பெண்களும் சேர்ந்து, பாட்டு மாதிரி இழுத்து, "லெஃப்ட் ஓகே" என்றார்கள். சிரித்தார்கள்.

"இது என்னம்மா?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன்.

"விளையாட்டுங்க. வேனண்ணன் ரெண்டு வருஷமா வச்சிருக்காரு. முன் சீட்டுல உட்கார்றவங்க லெஃப்ட் பாத்துச் சொல்லணும். வருஷம் பூரா யாரு அதிக நாள் சொன்னாங்களோ அவங்களுக்குப் பெரிய பரிசு. பட்டன் அக்கா இடத்தை விட்டாத்தானே நாங்க வாங்க."

ஒவ்வொரு சந்திப்பிலும் எனக்கு முன்னால் இருந்த சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானே இடது பக்கம் எட்டிப் பார்த்தேன். சைக்கிளில் ஒருத்தன், பால் வண்டி, கைப்பிள்ளையோடு ஒருத்தி. அத்தானுடைய தலை ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திரும்புவது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. இவ்வளவு நாளும் அதைப் பார்த்து எவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன் என்று நாங்கள் பெருமைப்பட்டிருக்கிறோம்.

கம்பெனி வாசலில் பெண்கள் இறங்கிப் போனதும் நான் முன்னால் போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன்.

"சாவியைக் குடுங்க அத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ரெண்டு வருஷத்துக்கு மேல." ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே பேசினார். "ஒரு நாள் காலையில ஒரு சைக்கிள்காரன் திடீர்னு முளைச்ச மாதிரி வந்தான். ஒரு மயிரிழை. அன்னிக்கே டாக்டர்கிட்ட போனேன். கண்ணுக்குள்ள அழுத்தமாம். ஓரமெல்லாம் போயிடுச்சு, போனது வராதுன்னாரு. இருக்கறதைக் காப்பாத்த மருந்து குடுத்தாரு. வண்டி ஓட்டாதேன்னாரு."

மருந்து எங்கே என்று கேட்டேன். டூல்ஸ் பெட்டியைத் திறந்து, ஸ்பானருக்கு நடுவில் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினார். அக்காவுக்குத் தெரியாமல் வண்டிக்குள் உட்கார்ந்தே விட்டுக்கொள்வாராம்.

"ரெண்டு வருஷம் மாப்ளே. ஒரு கீறல் உண்டா சொல்லு. அந்த அக்கா கண்ணு எனக்குக் கண்ணு. நான் விளையாட்டா செய்யல, யோசிச்சுத்தான் செஞ்சேன்."

"அவங்களுக்கு அது விளையாட்டுன்னுதானே சொல்லி வச்சிருக்கீங்க?" எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வீட்டுல பொண்டாட்டி, டிவி பிடிக்கலையான்னு அழுதுட்டு இருக்கா. இங்க பதினாலு குடும்பம். உங்களுக்கு எப்படி அத்தான் மனசு வந்துச்சு?"

கேட் வாட்ச்மேன் எங்களைப் பார்த்துக் கையசைத்தான், இவர் திருப்பி அசைக்கவில்லை.

"வண்டியை விட்டுட்டா நான் என்னடா?" என்றார். "காலையில இருந்து டிவி முன்னாடி உக்காந்திருக்கிற ஆளு. அதுவும் முழுசாத் தெரியாது. அந்த வீட்டுல எனக்கு வேற என்ன வேலை?"

அதைக் கேட்டும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆபீசில் போய்ச் சொல்லுங்கள், இல்லையென்றால் நான் சொல்வேன் என்றேன். அவர் சாவியை உருவி என் கையில் வைத்தார். "ஆபீஸ்ல அப்புறம் சொல்றேன். முதல்ல அவங்ககிட்ட சொல்லணும். மதியம் சாப்பிட வெளிய வருவாங்க."

என் மேனேஜருக்கு வரமுடியாது என்று போன் பண்ணினேன். மாற்றித் தரும் வரிசை மாடிப்படி வரைக்கும் நிற்கிறது என்று கத்தினார். நிற்கட்டும் என்று வைத்துவிட்டேன். மதியம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அந்த வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அவர் ஒரு தடவை இறங்கிக் கண்ணாடியெல்லாம் துடைத்துவிட்டு வந்தார்.

மணி அடித்ததும் பெண்கள் டிபன் பாக்ஸோடு வந்து மதில் நிழலில் உட்கார்ந்தார்கள். அத்தான் போய் அவர்கள் முன்னால் நின்றார். அந்த மனுஷன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சைக்கிள்காரனில் ஆரம்பித்து, டாக்டர், மருந்து, லெஃப்ட் ஓகே எதற்காக என்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். சாயங்காலத்திலிருந்து வேறு ஆள் வருவான் என்றார். தப்புதான் என்றார்.

யாரும் சாப்பிடவில்லை. ஒரு பெண் எழுந்து, பேசாமல் கம்பெனிக்குள் போய்விட்டாள். அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. இன்னொருத்தி, "எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள். அவர் தலையாட்டினார். அடிக்க மாட்டார்களா, திட்ட மாட்டார்களா என்று நிற்கிற ஆள் மாதிரிதான் நின்றார்.

பட்டன் அக்கா மட்டும் கையில் எடுத்த சாப்பாட்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே," என்றாள். "நான் பாதி நாள் பாக்காமத்தான் சொல்லியிருக்கேன்."

அத்தான் அவள் பக்கம் திரும்பினார். தலையை முழுசாகத் திருப்பித்தான் அவளைப் பார்த்தார்.

"மொபைல பாத்துக்கிட்டு இருப்பேன். தூக்கமா இருக்கும். நீங்க அக்கான்னதும் வாய் தானா ஓகேன்னு சொல்லிடும். விளையாட்டுதானேன்னு..." கையில் இருந்த சோற்றைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டாள். "நீங்க பாக்குறீங்கன்னு நினைச்சேண்ணே."

அத்தான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, அவளையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எந்தெந்த நாள்மா?"

அவள் இரண்டு வருஷத்தையும் நினைத்துப் பார்க்கிறவள் மாதிரி உதட்டை அசைத்தாள். அவளுக்கு ஒரு நாள்கூடச் சொல்லத் தெரியவில்லை.